லண்டனில் நான்கு நாள்: பஸ், டியூப் (சுரங்க ரயில்) பாஸ் பற்றி வீட்டுக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் குடியிருக்கிறோம். பள்ளி விடுமுறை நெருங்கினால் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் உறவினர்கள் அழைப்பார்கள். விசா, குளிர், சாப்பாடு என்று பேச்சு சுற்றி வந்து கடைசியில் நிற்கும் இடம் ஒன்றுதான்: "அங்கே சுற்றுவதற்கு எந்தப் பாஸ் வாங்கவேண்டும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். லண்டன் போக்குவரத்துக் கட்டணம் வழக்கமாக மார்ச் மாதத்தில் மாறும். இங்கே தந்திருப்பவை 2025 மார்ச்சில் அமலுக்கு வந்த தொகைகள். கிளம்புமுன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவையாக வருகிறோம். நான்கு நாள் தங்குவோம். எந்தப் பாஸ் வாங்கலாம்?

எதுவும் வாங்கவேண்டாம். உங்களிடம் உள்ள, தொட்டுப் பணம் செலுத்தும் வங்கி அட்டையே போதும்.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பாஸ் எடுக்காவிட்டால் ஒவ்வொரு பயணத்துக்கும் காசு போய்க்கொண்டே இருக்குமே என்று கவலைப்படுகிறார்கள். லண்டனில் அப்படி ஆகாது. ஒரு நாளில் உங்கள் அட்டையில் இவ்வளவுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். நகரின் நடுப்பகுதியான முதல் இரண்டு சோன்களுக்குள் (கட்டண வளையங்களுக்குள்) சுற்றினால் அந்த வரம்பு 8.90 பவுண்டு. அதைத் தொட்ட பிறகு அன்றைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் கட்டணம் இல்லை.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். கிங்ஸ் கிராஸ் அருகே தங்கியிருக்கிறீர்கள். காலை 9 மணிக்கு டவர் ஹில் போகிறீர்கள். நெரிசல் நேரம் என்பதால் 2.90 பவுண்டு. நண்பகலில் வெஸ்ட்மின்ஸ்டர், 2.80. மூன்று மணிக்கு அருங்காட்சியகங்கள் இருக்கும் சவுத் கென்சிங்டன், இன்னொரு 2.80. ஆக 8.50 ஆகிவிட்டது. இரவு ஏழரைக்கு அறைக்குத் திரும்பும்போது மீதி 40 பென்ஸ்தான் எடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் ஊர் பார்க்கக் கிளம்பினால் அது இலவசம். நாள் முழுதும் சுற்றியவருக்கு இது பாஸாகவே ஆகிவிடுகிறது. களைத்துப்போய் இரண்டு பயணத்தோடு நிறுத்திக்கொண்டவர் அந்த இரண்டுக்கு மட்டும் கொடுத்திருப்பார். முன்கூட்டியே வாங்கிய எந்தப் பாஸும் இந்த இரண்டாவது நன்மையைத் தராது. பயணத்தின் முதல் நாளில் நேர மாற்றத்தின் தூக்கம் தலையை அமுக்கும்போது, நாம் நினைத்ததில் பாதிகூடச் சுற்றமாட்டோம்.

நாள் என்பது இங்கே அதிகாலை 4.30 முதல் மறுநாள் 4.29 வரை. நாடகம் பார்த்துவிட்டு நள்ளிரவு தாண்டி வந்தாலும் அது அதே நாள் கணக்கில்தான் சேரும்.

இந்திய வங்கி அட்டை அங்கே வேலை செய்யுமா?

விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆகியவற்றில் ஒன்றாக இருந்து, அட்டையின் மேல் நான்கு வளைகோடுகள் கொண்ட அலைச் சின்னமும் இருந்தால் வேலை செய்யும். பவுண்டு ஏற்றிய ஃபாரெக்ஸ் அட்டையும் அப்படியே. ரூபே அட்டையை மட்டும் நம்பி விமானம் ஏறவேண்டாம்.

ஆனால் ஊரில் இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. 2020 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தொட்டுப் பணம் செலுத்தும் வசதியும் தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். ரிசர்வ் வங்கியின் விதி அது. வங்கியின் செயலியில் இரண்டையும் நீங்களே திறந்துவிடவேண்டும். ஒன்றைத் திறந்துவிட்டு இன்னொன்றை மறந்து, ஹீத்ரோ விமான நிலையத்து ரயில் கதவுக்கு முன்னால் பெட்டிகளோடு நின்றவர்களை அழைத்துவரப் போயிருக்கிறேன். தூக்கமில்லாத கண்களோடு அவர்கள் படும் பதற்றத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். தயவுசெய்து கிளம்புவதற்கு முந்தைய நாள் இதைப் பார்த்துவிடுங்கள்.

அந்நியச் செலாவணிக் கட்டணம் ஒவ்வொரு தடவையும் பிடிப்பார்களோ என்று கேட்பார்கள். ஒரு நாளின் பயணங்களை எல்லாம் கூட்டி ஒரே தொகையாகத்தான் அட்டையிலிருந்து எடுப்பார்கள். ஆகவே உங்கள் வங்கியின் கட்டணமும் அந்த ஒரு தொகையின் மேல்தான்.

அப்படியானால் ஆய்ஸ்டர் அட்டை எதற்கு?

முன்கூட்டியே பணம் ஏற்றி, பயணத்தின்போது தொடுவதற்காக 2003இல் வந்த நீல அட்டை அது. வங்கி அட்டையையே நேராகத் தொடலாம் என்ற வசதி பஸ்ஸில் 2012 இறுதியிலும் டியூபில் 2014இலும் வந்த பிறகு, குறுகிய நாள் வரும் பெரியவர்களுக்கு அதன் தேவை குறைந்துவிட்டது. கட்டணமும் உச்சவரம்பும் இரண்டுக்கும் ஒன்றே. ஆய்ஸ்டருக்கு மட்டும் அட்டை விலை தனி. 7 பவுண்டாக இருந்தது 2025இல் 10 ஆகிவிட்டது, திரும்பக் கிடைக்காது.

தொட்டுப் பணம் செலுத்தும் அட்டை இல்லாதவர்கள், 11 முதல் 15 வயதுள்ள பிள்ளைகள், ஏழு நாள் பாஸ் எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆய்ஸ்டர் வேண்டும். பிந்திய இரண்டையும் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒரே அட்டையை வைத்து நாங்கள் நால்வரும் போகலாமா?

முடியாது. ஒரு பயணத்தில் ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. கணவன் தொட்டு உள்ளே போனபின் அதே அட்டையை வாங்கி மனைவி தொட்டால் கணக்குக் குழம்பிவிடும். இரண்டு பேருக்கு இரண்டு அட்டை கட்டாயம் வேண்டும் என்பதால், கூட்டுக் கணக்கில் ஆளுக்கொரு அட்டை இருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள்.

இன்னொரு நுட்பம் உண்டு. ஒரே வங்கி அட்டையைக் கைப்பேசியில் ஏற்றியிருந்தாலும், கைப்பேசியும் அட்டையும் இந்த முறைக்கு இரண்டு வெவ்வேறு அட்டைகள். காலையில் கைப்பேசியைத் தொட்டு, மாலையில் அட்டையைத் தொட்டால் இரண்டுக்கும் தனித்தனி உச்சவரம்பு ஓடும். எதில் தொடங்கினீர்களோ அதிலேயே கடைசிவரை போங்கள். என் விருப்பம் அட்டைதான். நாள் முழுக்கப் படம் பிடித்த கைப்பேசி மாலையில் உயிர்விட்டால் வெளியேறத் தொடுவதற்கு வழியில்லை.

எங்கே தொடவேண்டும், எங்கே தொடவேண்டாம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வதென்றால் இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பணம் வீணாவது பெரும்பாலும் தவறான பாஸால் அல்ல, தொட மறப்பதால்.

ரயில் என்றால், அது டியூபோ, டிஎல்ஆர் எனும் இலகு ரயிலோ, எலிசபெத் தடமோ, ஓவர்கிரவுண்டோ எதுவாக இருந்தாலும், ஏறும் நிலையத்தில் ஒரு தடவை, இறங்கும் நிலையத்தில் ஒரு தடவை மஞ்சள் வட்டத்தில் தொடவேண்டும். இடையில் தடம் மாறும்போது வேண்டாம். பஸ் என்றால் ஏறும்போது மட்டும். இறங்கும்போது தொடக்கூடாது.

கதவுகள் உள்ள நிலையத்தில் தொடாமல் வெளியே போகவே முடியாது, ஆகவே மறக்க வழியில்லை. சிக்கல் கதவில்லாத இடங்களில்தான். கிரீனிச் போக டிஎல்ஆர் ஏறுவீர்கள். ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் பிள்ளைகள் முன் இருக்கைக்கு ஓடுவார்கள். அதன் பல நிலையங்களில் கதவே கிடையாது. ஒரு கம்பத்தில் மஞ்சள் வட்டம் மட்டும் நிற்கும். என் சித்தி கட்டி சார்க்கில் இறங்கி, பழைய தேயிலைக் கப்பலைப் பார்க்கும் ஆவலில் அந்தக் கம்பத்தைத் தாண்டி நடந்துவிட்டார். எங்கே இறங்கினார் என்று தெரியாததால் அந்தப் பயணத்துக்கு உச்சக் கட்டணம் பிடிக்கப்பட்டது. ஏறும்போதே தொட மறந்து பரிசோதகரிடம் அகப்பட்டால் இன்னும் மோசம்: அபராதம் 100 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் 50.

பஸ்ஸில் 2014 ஜூலை முதல் காசு வாங்குவதில்லை. நாணயத்தை நீட்டி நிற்காதீர்கள்.

டிக்கெட் இயந்திரத்தில் ஒற்றைப் பயண டிக்கெட் எடுத்தால் என்ன?

நடுப்பகுதிக்குள்ளேயே 7 பவுண்டு ஆகும். அட்டையைத் தொட்டால் அதே தூரம் 2.90. எடுக்காதீர்கள்.

ஒரு வாரம் இருக்கிறோம். ஏழு நாள் பாஸ் லாபமா?

நீங்கள் வந்திறங்கும் கிழமையைப் பொறுத்தது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

அட்டையைத் தொட்டுப் போகும் முறையில் வார உச்சவரம்பும் உண்டு. முதல் இரண்டு சோன்களுக்கு 44.70 பவுண்டு, ஏறக்குறைய ஐந்து நாள் வரம்பின் அளவு. ஆனால் அந்த வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு முடிகிறது. திங்கட்கிழமை வந்து ஞாயிறு கிளம்பினால் எதுவும் செய்யவேண்டாம், 44.70க்கு மேல் தானாகவே போகாது. வியாழன் வந்து அடுத்த புதன் வரை இருந்தால், உங்கள் ஏழு நாள் இரண்டு வாரங்களில் பிளந்துவிடுகிறது. முதல் வாரத்தில் நான்கு நாள், அடுத்ததில் மூன்று. எதிலும் வார வரம்பைத் தொடமாட்டீர்கள். தினமும் முழுதாகச் சுற்றினால் ஏழு 8.90, அதாவது 62.30 பவுண்டு வரை போகலாம்.

ஏழு நாள் டிராவல்கார்டு எந்தக் கிழமையிலும் தொடங்கும். அதற்கும் 44.70தான், அதை ஏற்றிக்கொள்வதற்கான ஆய்ஸ்டர் அட்டைக்கு 10. மொத்தம் 54.70. தினமும் காலை முதல் இரவு வரை சுற்றுபவருக்கு ஏழரை பவுண்டு மிச்சம். இரண்டு நாள் வீட்டில் படுத்து இளைப்பாறினாலும் அந்த மிச்சம் காணாமல் போய்விடும். வாரத்தின் நடுவில் வந்து, ஓயாமல் சுற்றப்போகும் இளைஞர்களுக்கு மட்டுமே நான் இதைச் சொல்வேன். மூன்று நான்கு நாள் வருபவர்கள் இதை யோசிக்கவே வேண்டாம்.

சோன் என்றால் என்ன? எங்கள் இடங்கள் எந்தச் சோனில் வரும்?

நகரத்தை வெங்காயத் தோல்போல வளையம் வளையமாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் இருப்பது சோன் 1. லண்டன் கோபுரம், நாடாளுமன்றம், பிரிட்டிஷ் மியூசியம், பக்கிங்ஹாம் அரண்மனை, சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகங்கள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். கிரீனிச் இரண்டு, மூன்றின் எல்லையில் இருப்பதால் இரண்டாகவே கணக்கிடுவார்கள்.

நம்மவர்கள் போகும் இடங்கள் கொஞ்சம் வெளியே இருக்கின்றன. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கும் வெஸ்ட் ஈலிங் எல்லாம் சோன் 3 கணக்கு. ஆர்ச்வே சாலையில் உள்ள ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்கு ஹைகேட் நிலையத்தில் இறங்கினாலும் அதே சோன் 3தான். வெம்ப்லி சோன் 4. மூன்றாம் சோன் வரை போகும் நாளில் உச்சவரம்பு 10.50 பவுண்டாக உயரும். எந்தச் சோன் வரை போனீர்கள் என்பதை முறையே கணக்கிட்டுக்கொள்ளும், நீங்கள் முன்னதாக எதையும் தேர்ந்தெடுக்கவேண்டாம். பாஸ் எடுத்திருந்தால் "முதல் இரண்டா, நான்கு வரையா" என்று வாங்கும்போதே முடிவு செய்திருக்கவேண்டும். உறவினர் வீட்டு அழைப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஹீத்ரோவிலிருந்து ஊருக்குள் வருவதற்கு?

மூன்று ரயில்கள் உள்ளன. மூன்றும் ஒரே விமான நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன, கட்டணத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பிக்கடில்லி தடத்து டியூபில் நடுப்பகுதிக்கு 5.80 பவுண்டு, ஏறக்குறைய 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். எலிசபெத் தடத்தில் 13.90, வேகமாகப் போகும், பெட்டி வைக்க இடமும் தாராளம். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பேடிங்டனுக்கு 15 நிமிடத்தில் போய்விடும், ஆனால் அன்றன்றைக்கு வாங்கினால் மூன்றிலும் அதற்குத்தான் கட்டணம் அதிகம். தினசரி உச்சவரம்பிலும் அது சேராது.

நான்கு பெரியவர்கள் என்றால் பிக்கடில்லியில் 23.20, எலிசபெத்தில் 55.60. பெற்றோரையும் கனமான பெட்டிகளையும் வைத்துக்கொண்டிருந்தால் எலிசபெத் தடத்துக்கே கொடுக்கச் சொல்வேன். அதன் எல்லா நிலையங்களிலும் படியேறாமல் போகலாம். இளைஞர்கள் தயங்காமல் பிக்கடில்லியில் ஏறுங்கள்.

கேட்விக் விமான நிலையத்தில் இறங்குபவர்களும் அட்டையைத் தொட்டே வரலாம். ஆனால் அது சோன்களுக்கு வெளியே. கேட்விக் எக்ஸ்பிரஸை விடுத்து, அதே தண்டவாளத்தில் வரும் சதர்ன், தேம்ஸ்லிங்க் ரயில்களில் ஏறினால் செலவு குறையும்.

பிள்ளைகளுக்கு?

பஸ்ஸில் 11 வயதுக்குக் கீழே இலவசம். டியூப், டிஎல்ஆர், ஓவர்கிரவுண்டு, எலிசபெத் தடத்திலும் அப்படியே; ஒரு பெரியவருடன் நான்கு பிள்ளைகள் வரை போகலாம். அகலமான கதவு வழியாகக் கூட்டிப் போங்கள்.

11 முதல் 15 வரையுள்ள பிள்ளைக்கு வங்கி அட்டை கொடுத்தால் பெரியவர் கட்டணம் போய்விடும். அந்த வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆய்ஸ்டர் வாங்கி, டியூப் நிலைய ஊழியரிடம் "யங் விசிட்டர்" சலுகையை ஏற்றச் சொல்லுங்கள். பிள்ளையும் உடன் இருக்கவேண்டும். 14 நாள் வரை பாதிக் கட்டணம். கேட்டால்தான் கிடைக்கும், கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

அம்மா அப்பாவுக்கு மூத்தோர் சலுகை உண்டா?

கட்டணத்தில் இல்லை. அறுபது தாண்டியவர்களுக்கான இலவச அட்டை லண்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே.

அவர்களுக்குக் கட்டணத்தைவிடப் படிகள்தான் பெரிய கேள்வி. டியூப் நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில்தான் தெருவிலிருந்து படியேறாமல் போகமுடியும். கோவென்ட் கார்டன் நிலையத்தின் சுழல் படிக்கட்டில் 193 படிகள். மின்தூக்கிக்குக் கூட்டமாக இருக்கிறதே என்று அதில் கால் வைத்துவிடாதீர்கள். படியில்லா நிலையங்களைக் காட்டும் தனி வரைபடம் உண்டு. அதை முந்தைய இரவே பார்த்து வழி வகுத்துக்கொண்டால், மறுநாள் அம்மாவின் முழங்கால் உங்களுக்கு நன்றி சொல்லும். மறக்காமல் பார்க்கவேண்டிய இன்னொன்று, வார இறுதியில் பராமரிப்புக்காக எந்தத் தடம் மூடியிருக்கிறது என்பது.

முழுக்க பஸ்ஸிலேயே சுற்றமுடியுமா?

முடியும். பெற்றோருடன் வருபவர்களுக்கும், அவசரம் இல்லாதவர்களுக்கும் அதையே முதலில் சொல்வேன். ஒரு தடவைக்கு 1.75 பவுண்டு. முதலில் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அந்த 1.75தான். நாள் முழுக்க பஸ்ஸில் மட்டும் போனால் வரம்பு 5.25. ஈஸ்ட் ஹாமோ டவரோ, பஸ்ஸுக்குச் சோன் கணக்கும் கிடையாது. எல்லா பஸ்ஸும் தாழ்தளம், சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் உண்டு.

பணத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. டியூபில் போனால் ஊரைப் பார்க்கமுடியாது. ஓர் இடத்தில் பூமிக்குள் இறங்கி இன்னோர் இடத்தில் மேலே வருவோம், நடுவில் லண்டன் எங்கே போயிற்று என்றே தெரியாது. 15ஆம் எண் பஸ்ஸில் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஏறி மாடியில் முன் வரிசையில் உட்காருங்கள். ஃப்ளீட் தெரு, செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம், பிறகு லண்டன் கோபுரம் என்று வரிசையாகக் கண்முன் வரும். 9ஆம் எண் ஹைட் பார்க் ஓரமாக ராயல் ஆல்பர்ட் அரங்கு வரை போகும். 24 நாடாளுமன்றத்தைத் தொட்டு, வடக்கே கேம்டன் கடந்து ஹாம்ஸ்டெட் ஹீத் வரை செல்லும். கூரையில்லாத சுற்றுலா பஸ்ஸுக்குப் பல மடங்கு கொடுப்பதற்கு முன் இவற்றில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

வரைபடத்தில் நான்கு நிறுத்தம் தள்ளி இருக்கிறது. டியூபில் போகலாமா, நடக்கலாமா?

முதலில் தெரு வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள். ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான டியூப் வரைபடத்தின் வழியில்தான் இன்றைய படமும் அமைந்திருக்கிறது. தடம் மாறுவதற்கு மிகத் தெளிவாக வழிகாட்டும். உண்மையான தூரத்தைக் காட்டாது. லெஸ்டர் சதுக்கத்துக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே தண்டவாளம் ஏறத்தாழ 260 மீட்டர்தான். கீழே இறங்கி, ரயில் பிடித்து, மறுபடி மேலே வருவதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சோன் 1க்குள் ஓரிரு நிறுத்தம் என்றால் நடையே நல்லது.

"லண்டன் பாஸ்" வாங்கினால் பஸ், டியூப் எல்லாம் அடங்குமா?

அந்தப் பெயர்தான் பலரைக் குழப்புகிறது. அது சுற்றுலா இடங்களின் நுழைவுச் சீட்டுகளைச் சேர்த்துத் தரும் பாஸ், போக்குவரத்து அதில் அடங்காது. தேம்ஸ் படகிலும், ஆற்றைக் கடக்கும் தொங்கு வண்டியிலும் அட்டையைத் தொட்டு ஏறலாம். ஆனால் இரண்டும் தினசரி உச்சவரம்பில் சேராமல் தனியாகப் பிடிக்கப்படும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், பாத் போகும் நாளுக்குத் தனி ரயில் டிக்கெட் வேண்டும். முன்கூட்டியே எடுத்தால் பெரும்பாலும் மலிவு.

கூடுதலாகப் பணம் பிடித்துவிட்டால்?

டிஎஃப்எல் எனப்படும் லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி அட்டை எண்ணைச் சேர்த்தால், எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்ற பட்டியல் வரும். முடிவுறாத பயணம் என்று காட்டுவதற்கு எதிரே இறங்கிய நிலையத்தைச் சொல்லித் தொகையைத் திரும்பக் கேட்கலாம். சித்திக்கும் அப்படித்தான் கேட்டோம், பணம் வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு செய்துகொள்ளலாம் என்று விடாமல், தினமும் இரவு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கிளம்பும் நாளில் ஆய்ஸ்டரில் மீதி இருந்தால்?

10 பவுண்டுக்குள் என்றால் டியூப் நிலையத்து டிக்கெட் இயந்திரத்திலேயே திரும்பப் பெறலாம். ஆனால் விமான நிலையம் போவதற்கான கட்டணத்தை மீதி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அல்லது திரும்ப வாங்காமலே அட்டையை எங்கள் வீட்டில் விட்டுப் போங்கள். அதிலுள்ள பணம் அப்படியே இருக்கும். அடுத்து வரும் மாமாவுக்கோ அத்தைக்கோ அட்டை விலை பத்துப் பவுண்டு மிச்சம்.